சுமனதாஸவின் டயர்கள்

1

ஏப்ரல் மாதம் முடியும் தறுவாயில் எங்கள் சலவை அறைக்குக் கோட்டுகள் வரத் தொடங்கும். நான் வேலை செய்வது மெல்போர்ன் நகரின் ஓரத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில். மற்ற நாட்களில் படுக்கை விரிப்பு, துவாய், இரவு உடுப்பு. ஏப்ரலில் மட்டும், இந்த நாட்டுக்காகப் பழைய போர்களுக்குப் போய் வந்த முதியவர்களின் கோட்டுகள். பதக்கங்களைக் கழற்றி, பெயர் எழுதிய உறையில் போட்டு, கோட்டை ஆவியில் அழுத்தி, மறுபடி அதே ஒழுங்கில் குத்த வேண்டும். ஒரு முதியவர் ஒவ்வொரு வருடமும் சக்கரக் கதிரையில் வந்து நான் சரியாகக் குத்துகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் அவர் கேட்டார், "உங்கள் நாட்டிலும் போர்களை நினைக்க இப்படி ஒரு நாள் உண்டா?"

எதிர்மேசையில் துவாய் மடித்துக்கொண்டிருந்த நிலாந்தி தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் கெலிஓயாப் பக்கத்துச் சிங்களப் பெண். நான் திகன. இரண்டும் கண்டி மாவட்டம்தான். ஆனால் முதல் நாள் நான் "திகன" என்று சொன்னபோது அவள் கை ஒரு நொடி நின்றுபோனது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து வருடங்களாக நாங்கள் மழை, பிள்ளைகள், தகரத்தில் வரும் தேங்காய்ப்பால் இவற்றைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

எனக்கு ஆங்கிலம் ஆளைக் கண்டால் ஓடிவிடும். இருந்தாலும் முதியவருக்குப் பதில் சொன்னேன். "உண்டு, ஐயா. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாள் இல்லை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டின் அந்த மார்ச் மாதத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. கூட்டமாக வந்த சிங்கள இளைஞர்கள் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தார்கள். வாப்பாவின் புடவைக் கடையும் அதில் ஒன்று. சிங்களப் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட வெள்ளைத் துணி வெட்டிக் கொடுத்த கடை.

பக்கத்துக் கடை சுமனதாஸவினுடையது. டயர் ஒட்டுவார், பழைய டயர்களை வாங்கிக் கடை முன்னால் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார். அந்த டயர்களை எங்கள் கடைக் கதவடியில் குவித்துத்தான் தீ வைத்தார்கள்.

என் கணவர் அப்போது கட்டாரில். நானும் பத்து வயது மகன் ஹஸீபும் கடைக்குப் பின்னால் இருந்த வாப்பாவின் வீட்டில் இருந்தோம். புகை வருவதற்கு முன்பே சுமனதாஸ பின்சுவர் ஏறி வந்து எங்களைக் கூப்பிட்டார். உம்மாவும் நானும் ஹஸீபும் ஏறிவிட்டோம். வாப்பா மட்டும் கடையை விட்டு வரமாட்டேன் என்று நின்றார். சுமனதாஸ அவரைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் இடுப்பில் உடுத்திருந்த சாரம் சுவர்க் கம்பியில் மாட்டிக்கொண்டது. வாப்பா இரண்டு கையாலும் சாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, சாரத்தை விடுங்க! உயிரைப் பிடிங்க!" என்று சுமனதாஸ கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்படியே வயலைக் கடந்து அவருடைய தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அதன் பிறகு சில மாதங்கள் கம்பளையில் மாமா வீட்டில் இருந்தோம். அங்கே ஒவ்வொரு நாளும் ஆட்கள் வந்தார்கள். சீனி, பால்மா, உடுப்பு கொண்டுவந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கதை வேண்டியிருந்தது. முதல் கிழமையில் கதை இப்படி இருந்தது: "கதவடியில டயர் போட்டு எரிச்சாங்க." அடுத்த கிழமை யாரோ கேட்டார்கள், யாருடைய டயர் என்று. "பக்கத்துக் கடைக்காரன்ட." அதற்கடுத்த கிழமை, "பக்கத்துக் கடைக்காரன் டயர் குடுத்தான்." நோன்பு வருவதற்குள், அவன் முதல் நாளே எடுத்து அடுக்கிக் கொடுத்தான் என்றாகிவிட்டது. யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆளுக்கு ஒரு சொல் கூட்டினார்கள், அவ்வளவுதான். பின்சுவரேறி வந்தவர் "யாரோ ஒரு நல்ல சிங்கள ஆள்" ஆகிவிட்டார். ஒரே மனிதர் இரண்டாகப் பிரிந்துபோனார்.

நாங்கள் திருத்தவில்லையா என்று கேட்பீர்கள். திருத்தினோம். ஆனால் கடை எரிந்துபோனவரிடம் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் திருத்தத்தைக் கேட்கும் நிலையில் இல்லை.

ஒருநாள் வாப்பா முடி வெட்டக் கண்டிக்குப் போனார். சலூன்காரர் ஆள் யாரென்று தெரியாமல் வாப்பாவுக்கே வாப்பாவின் கதையைச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரன் சிரித்துக்கொண்டே டயர் உருட்டிக் கொடுத்தானாம். வாப்பா ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வெட்டாத தலையோடு எழும்பி வந்துவிட்டார். வீட்டில் எங்களுக்குச் சிரிப்பு. அவருக்கு இல்லை.

3

கடையைத் திருத்தித் திறந்தபோது சுமனதாஸ எங்கள் பக்கம் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

வருடம் திரும்பிய நாளில் வாப்பா ஒரு சாப்பாடு கொடுத்தார். மாட்டிறைச்சி வேண்டாம், கோழி சமையுங்கள் என்றார். பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். தன்னுடைய சஹனில் சுமனதாஸவையும் அவர் தங்கச்சியையும் உட்காரவைத்தார். கதையைப் பரப்பிய கம்பளை மாமாவும் அதே சஹனில். நானும் உம்மாவும் பரிமாறினோம்.

நாலைந்து பிடி சாப்பிட்ட பிறகு வாப்பா அன்றைய நாளை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். டயர் வரும் இடத்தில் மரியாதையாக, "பாவம், சுமனேட டயரையும் களவெடுத்துத்தான் எரிச்சாங்க" என்றார்.

சுமனதாஸ கையைச் சஹனிலிருந்து எடுத்துவிட்டார்.

"இல்ல மொதலாளி. களவெடுக்கல. என்கிட்டக் கேட்டாங்க."

விரலில் ஒட்டிய சோற்றைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"கேட்டாங்க. நான் வாயைத் திறக்கல. ஓம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. உள்ளுக்குப் போனேன். எடுத்தாங்க. அதுக்குப் பிறகுதான் பின்சுவருக்கு வந்தேன்."

சிங்களமும் தமிழும் கலந்துதான் சொன்னார். மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. உம்மா குனிந்து, நடுவில் கிடந்த பெரிய கோழித் துண்டைச் சுமனதாஸவின் பக்கம் தள்ளிவைத்தார். "சாப்பிடுங்க சுமனே. ஆறினா நல்லா ஈக்காது."

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு வாப்பா ஒரே ஒரு விஷயம் சொன்னார். "இந்தக் கதய அவங்க ஆள் ஒராள் இல்லாத இடத்தில எடுக்க வேணாம். அவங்க இல்லாட்டி, கதை வளரும். அவங்க ஈந்தா நானும் கூட்டமாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அதை அவர் சட்டம் மாதிரிச் சொல்லவில்லை. ஆனால் சாகும்வரை அப்படியே நடந்தார். ஒவ்வொரு வருடமும் அதே சஹன், அதே கதை, அதே இடத்தில் சுமனதாஸவின் திருத்தம். இப்போது என் அண்ணன், எங்கள் நானா, தொடர்கிறார். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அந்த நாட்களைக் கடந்தார்கள். எங்கள் வீடு கடந்த விதத்தைப் பற்றி எனக்குப் பெருமைதான். அதை எழுதக் கூச்சப்படத் தேவையில்லை என்று இந்த வயதில் முடிவு செய்துவிட்டேன்.

4

அந்த முதல் சாப்பாடு முடிந்த வருடக் கடைசியில் நாங்கள் இங்கே வந்துவிட்டோம். இங்கே எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து சிறிய சங்கம் ஒன்று நடத்துகிறோம். இந்த வருடம் பிள்ளைகளைக் கொண்டு "நாங்கள் வந்த பாதை" என்று ஒரு மாலை நிகழ்ச்சி. மாநகர சபையின் மண்டபத்துக்கு விண்ணப்பித்தபோது, இது கொண்டாட்டமா, கூட்டமா, மத நிகழ்வா என்று கேட்டார்களாம். என் கணவர் மூன்றுக்கும் இல்லை என்று சொல்லி, மண்டபம் கிடைக்காமல் போகப் பார்த்தது.

ஹஸீப் பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்தான். பதினேழு வயது. என்னிடம் சொல்லவில்லை, குளியலறையில் அவன் ஒத்திகை பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆங்கிலம்தான், ஆனால் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்துக் கடைக்காரர் அவர்களுக்கு டயர் கொடுத்தார். அதற்குக் கொஞ்சம் குரலை உயர்த்தினான். பின்சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மகன், அது அப்பிடி இல்ல" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தானே செல்ற, உம்மா?"

"எல்லாரும் அங்க ஈக்கல. நான் ஈந்தேன்." நடந்ததைச் சொன்னேன். அந்த முதல் சாப்பாட்டன்று அவன் முற்றத்தில் மற்றப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான். சுமனதாஸ சொன்னது அவனுக்குத் தெரியாது.

அவன் கேட்டுவிட்டுத் தோளை உயர்த்தினான். "நீங்க அவரக் காப்பாத்திறீங்க. நீங்க யாரப் பத்தியும் கெட்டதா செல்லமாட்டீங்க உம்மா. அது நைஸ். ஆனா ஹிஸ்டரி இல்ல."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பாதி உண்மை. நான் யாரிடமும் எதிர்த்துப் பேசாதவள்தான். ஆனால் கம்பளையில் வளர்ந்த அந்தப் பொய் கடல் தாண்டி, என் பிள்ளையின் வாயால், நூறு பேர் முன்னால் மைக்கில் போகப்போகிறது. அதன் பிறகு அதைக் கேட்ட பிள்ளைகள் அதையே தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் கூட சுமனதாஸ சுவரேறி வந்த மனிதராக இருக்கமாட்டார்.

"சரி, நீ பேசு" என்றேன். "ஆனா ரெண்டு விஷயம். ஒண்டு, அவருக்கே கோல் எடுத்துக் கேளு. ரெண்டு, ஒரு சிங்கள ஆள் அந்த மண்டபத்தில ஈக்கணும். ஒங்கட வாப்பப்பா அப்பிடித்தான் செய்வார்."

"இந்த மெல்போர்ன்ல அந்த ஹோலுக்கு யாரு வருவாங்க உம்மா? சீரியஸா?"

"அத நான் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

5

நிலாந்தியிடம் கேட்க மூன்று நாள் எடுத்தேன். முதல் நாள் வாயைத் திறந்து வெளுப்பு மருந்து எங்கே என்று கேட்டேன். இரண்டாம் நாள் மழை வருமா என்று கேட்டேன். மூன்றாம் நாள், தேநீர் நேரத்தில் அவளே, "அக்கே, தே பொமுத?" என்று தேநீருக்குக் கூப்பிட்டபோது கேட்டேன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"நிலாந்தி, வாற சனிக்கிழமை என்ன வேலை?"

"ஷிஃப்ட் மாத்தணுமா?"

"இல்ல. திகனயில எங்கட கடை எரிஞ்ச கதையை மகன் ஒரு கூட்டத்தில சொல்லப்போறான். நீங்க வந்து இருக்கணும்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். வாப்பாவின் வழக்கத்தைச் சொல்லி, அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டேன். டயர் கதையையும் சொன்னேன். ஐந்து வருடங்களில் நான் அவளிடம் பேசிய அளவை அந்தப் பத்து நிமிடத்தில் பேசிவிட்டேன்.

"யாராவது என்னை ஏசுவாங்களா?"

"தெரியாது."

"நான் ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்டும் வேணாம். இருந்தா போதும்."

பிறகு அவள், நான் கேட்காமலே, தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். இராணுவத்தில் சேர்ந்து வடக்குக்குப் போனவர். போய்ச் சில நாட்களிலேயே தண்ணீர்க் கலன் தூக்கிக்கொண்டு போகும்போது கண்ணிவெடியில் இறந்துபோனார். ஆனால் வருடா வருடம் அவர் நினைவாகப் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும்போது வீட்டில் சொல்லும் கதையில் அவர் தன்னந்தனியாக நின்று சண்டை பிடித்துப் பத்துப் பேரைக் காப்பாற்றுகிறார்.

"முதல்ல ஒருத்தரைத்தான் காப்பாத்தினார், அக்கே. வருஷம் போகப் போகப் பத்துப் பேர் ஆகிட்டாங்க. அவர் துப்பாக்கியைச் சரியாப் பிடிக்கவே பழகல. பயந்த ஆள். பல்லி விழுந்தாலும் கத்துவார். அந்த அண்ணனை இப்ப யாருக்கும் ஞாபகமில்ல. எனக்கு மட்டும்தான்."

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"வாறேன். ஒரு சனிக்கிழமை சமைக்காம சாப்பிடலாம்னா வேணாம்னு சொல்வேனா?"

6

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹோலில் பாய் விரித்துச் சஹன் வைத்தேன். நிலாந்தி, அவள் கணவர், என் கணவர், நான், ஹஸீப். ஆறாவது இடம் காலியாக இருந்தது. நிலாந்தியின் கணவர் காலை மடிக்க முடியாமல் பட்ட பாட்டைப் பார்த்து ஹஸீப் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வீட்டில் காற்று வந்தது.

சாப்பிட்டு முடித்து அவன் திகனவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். அங்கே காலை, கடை திறக்கும் நேரம். திரையில் முதலில் ஒரு டயர்தான் தெரிந்தது. பிறகு சுமனதாஸவின் முகம். தலை முழுவதும் நரைத்திருந்தது.

"யாரு? ஹஸீபா? அடே புத்தா, மகனே, மீசை வந்திட்டு! யார்கிட்டக் கடன் வாங்கினது?"

ஹஸீபின் காது சிவந்தது. அவனுடைய சிங்களம் மறந்துபோயிருந்தது; தமிழிலேயே கேட்டான். "சுமனே அங்கிள், நீங்க டயர் குடுத்தீங்களா?"

இப்படியா கேட்பது என்று அவன் தோளைத் தட்டினேன். அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"கேட்டாங்க, புத்தா. நான் பேசல. எடுத்தாங்க. அதுக்குக் குடுத்ததுன்னு பேரா, களவுன்னு பேரா? ஒன்ட வாப்பப்பா களவுன்னார். ஊரு குடுத்ததுன்னு சொல்லிச்சு. நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு."

ஹஸீப், "அந்தப் பகுதிய நான் பேச்சுல விட்டுடவா அங்கிள்?" என்றான்.

"விடாதே!" என்று சத்தமாகவே சொன்னார். "டயர் என்னுடையதுன்னு சொல்லு. நான் பேசாம இருந்தேன்னும் சொல்லு. நீ விட்ட இடத்தில வேற யாராவது வேற ஒண்ணைக் கொண்டுவந்து வைப்பான். சுவரையும் சொல்லு. ஒன்ட வாப்பப்பா சாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிண்டதையும் சொல்லு, அது நல்ல பகிடி."

நிலாந்தி திரைக்குள் எட்டிப் பார்த்து வணக்கம் வைத்தாள். கெலிஓயா என்றதும் அவர் அங்கே தெரிந்த டயர்க் கடைகளையெல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஹஸீப் எழுந்து போய்த் தன் பேச்சைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

7

மண்டபத்தில் நிலாந்தி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துச் சிலர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நான் முன்வரிசையில் எனக்கு வைத்திருந்த கதிரையை விட்டுப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் போய் உட்கார எனக்கு எப்படித் துணிவு வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

ஹஸீப் ஆங்கிலத்தில் தொடங்கினான். டயர் வந்த இடத்தில் தமிழுக்கு மாறினான், எங்கள் வீட்டில் பேசும் தமிழ். "அவங்க கேட்டாங்க. அவர் பேசல. அவங்க எடுத்தாங்க. பிறகு அவர் பின்சுவருக்கு வந்து எங்களக் காப்பாத்தினார். எல்லாம் ஒரே ஆள்." சாரம் மாட்டிய கதைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

முடிந்ததும் சங்கத்தில் மூத்தவர் ஒருவர் எழுந்து கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். "மகன், அப்ப அந்த மனிசன் நல்லவனா, கெட்டவனா? பிள்ளைகளுக்கு ஒரு முடிவு செல்லணுமே."

ஹஸீப் மைக்கை வாயருகே கொண்டுபோனான். தாளைப் பார்க்கவில்லை.

"அவர்ட இடத்தில நான் ஈந்தா பேசியிருப்பேனா எண்டு எனக்குத் தெரியா அங்கிள். சுவர் ஏறியிருப்பேனா எண்டும் தெரியா."

பெரியவர் உட்கார்ந்தார். கைதட்டல் பெரிதாக இல்லை. எனக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு எதுவும் வாங்கியவன் இல்லை என் பிள்ளை. ஆனால் தெரியாது என்பதைத் தெரியாது என்று ஒரு மண்டபத்தின் முன்னால் சொல்லிவிட்டான். வாப்பா இருந்திருந்தால் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றிருப்பார்.

8

இதை எழுதக் காரணம் அந்தக் கூட்டம் மட்டுமல்ல.

அடுத்த கிழமை நிலாந்தி மடிப்பு மேசையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அக்கே, அண்ணன்ட தானம் வருது. இந்த வருஷம் இங்கதான், எங்கட வீட்டில. தண்ணீர் தூக்கிக்கிட்டுப் போனதையே சொல்லப்போறேன்."

"நான் வாறேன்" என்றேன்.

"வரணும். ஆனா அதுக்கு நீங்க போதாது." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கோவிக்காதீங்க. அவர் செத்தது உங்க ஆட்களோட நடந்த சண்டையில இல்லையே."

அவள் கண் காட்டிய இடத்தில் செல்வராணி அக்கா இயந்திரத்துக்குள் விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத் தமிழர். போரில் யாரை இழந்தார் என்று அவர் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. நிலாந்தியோடு அவர் பேசுவதே இல்லை. தேவையென்றால் விரலால் காட்டுவார்.

"எனக்குத் தமிழ் வராது. நீங்க கேட்டுச் சொல்லுங்க அக்கே. உங்களுக்குத்தான் இப்ப கேட்டுப் பழக்கம்."

கூச்சத்தில் செத்துப்போவேன் என்று நினைத்தேன். ஆனால் போனேன். இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நிலாந்தி எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

செல்வராணி அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். முதலில் நிலாந்தியை, பிறகு என்னைப் பார்த்தார்.

"அவவின்ர தமையன் எந்த இடத்தில செத்தவர்?"

நான் நிலாந்தியிடம் கேட்டுச் சொன்னேன். அந்த இடத்தின் பெயரைக் கேட்டதும் அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"எனக்கு அந்த ரோட்டு தெரியும்" என்றார். "ஓம், வாறன். ஆனா தங்கச்சி, அங்க எனக்கும் சொல்ல இருக்கு. அது கனநேரம் எடுக்கும். அவ எழும்பிப் போகாமல் இருந்து கேக்கவேணும் எண்டு சொல்லுங்கோ."

நான் நிலாந்தியின் பக்கம் திரும்பினேன். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன்.

அவள் அதற்கு முன்பே, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி, தலையாட்டிக்கொண்டிருந்தாள்.